யானைகள் பாலமான கதை

திருவாலங்காட்டுக்கு வருகிறவர்கள் இரத்தின சபையில் ஊர்த்துவ தாண்டவத்தைத் தரிசித்து, காளியையும் காரைக்கால் அம்மையாரையும் கும்பிட்டுவிட்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டு விடுகிறார்கள். சரித்திர ஆசிரியர்கள் நம்மூர்ப் பெயரைச் சொல்வதற்குக் காரணம் வேறு. 1905ல் இங்கே கிடைத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள்தான் அது. மொத்தம் 31 ஏடுகள், சோழ முத்திரை பொறித்த வளையத்தில் கோத்தவை. பழையனூர் கிராமத்தை நம் கோயிலுக்குக் கொடுத்த சாசனம் அது. கிராம எல்லை, வரி விவரமெல்லாம் தமிழில் இருக்கிறது. அதற்கு முன்னே சோழர் பரம்பரையின் பெருமையை வடமொழிச் செய்யுளில் நீளமாகப் பாடி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் செய்யுள் பகுதியில் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. வடக்கே போன சோழ சேனை வழியில் குறுக்கிட்ட ஆறுகளை எப்படிக் கடந்தது? யானைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் உடம்பையே பாலமாக்கிக் கடந்ததாம். மிச்சப் படை கால்நடையாகவே கடந்ததாம், ஏனென்றால் அதற்குள் யானையும் குதிரையும் ஆட்களும் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டார்களாம்.

படித்தவர்கள் பலர் இதைப் புலவரின் கற்பனை என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்பாதி கற்பனைதான். முன்பாதியில் விஷயம் இருக்கிறது.

பின்பாதியை முதலில் கணக்குப் பார்த்து முடித்துவிடுவோம். குமாஸ்தா புத்தி, கணக்குப் போடாமல் விடாது. ஒரு யானை நாளைக்கு 150 லிட்டர் தண்ணீர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் யானை என்றால் ஒன்றரை லட்சம் லிட்டர். விநாடிக்கு ஆயிரம் லிட்டர் ஓடும் ஒரு சின்னக் காட்டாறு இதை இரண்டரை நிமிஷத்தில் கொண்டுவந்து கொட்டிவிடும். ஆறு வற்றாது.

இனி முன்பாதி. இத்தாலியரான கலிலியோ 1638ல் வெளியிட்ட நூலில் ஒரு விதியைச் சொன்னார். ஒரு பிராணியை அதே வடிவத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்கினால் மேற்பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகிவிடும். எலும்பின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அதனால் பெரிய பிராணிக்கு எலும்பு இன்னும் தடிமனாக இருந்தே தீரவேண்டும். யானையின் கால் தூண் மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். குதிரைக்காலைப் போல மடங்கி நின்றால் நாலு டன் உடம்பை அது தாங்காது. நேராக நிறுத்திய தூண், அடியில் மெத்தை வைத்தது போலக் கொழுப்புத் திண்டு. யானை நடந்து போன ஈரமண்ணைப் பாருங்கள். முன்கால் பதிந்த இடத்திலேயே பெரும்பாலும் பின்காலும் பதிந்திருக்கும்.

இந்தக் காலால் துள்ள முடியாது, நாலுகால் பாய்ச்சலும் கிடையாது. நான் பிரெஞ்சில் படித்தவன், அதனால் எத்தியேன் மாரே என்ற பிரெஞ்சு அறிஞர் 1873ல் பிராணிகளின் நடையைப் பற்றி எழுதியதை அந்த மொழியிலேயே படிக்க முடிந்தது. குதிரையின் குளம்புக்கு அடியில் ரப்பர்க் குமிழ் கட்டி, அதிலிருந்து குழாய் விட்டு, சவாரி செய்பவன் கையிலுள்ள கருவியில் ஒவ்வோர் அடியையும் பதிவு செய்தார். ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழுகின்றன என்று தெரிந்தது. 1878ல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் அதைப் போட்டோ எடுத்தே காட்டினார். யானைக்கு அந்தக் கணம் கிடையாது. தாய்லாந்து யானைகளின் மூட்டுகளில் வண்ணப்புள்ளி வைத்துப் படம் பிடித்து, 2003ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் விரட்டினாலும் ஒரு காலாவது தரையில் இருக்கிறது. ஓட்டமா நடையா என்று அறிஞர்களே தகராறு செய்கிறார்கள். காட்டோரத்துத் தோட்டங்களைச் சுற்றி ஆறேழு அடி அகலத்துக்குப் பள்ளம் வெட்டினால் யானை நின்றுவிடுவது இதனால்தான். ஆடு தாண்டும் பள்ளத்தை யானை தாண்டாது.

தரையில் குறையாக இருக்கிற இந்த உடம்பு ஆற்றில் வேறு வேலை செய்கிறது. வெள்ளம் உடம்பின் பரப்பின் மீது மோதுகிறது, நம்மை நிலையில் நிறுத்துவது எடை. 60 கிலோ ஆளை விட 4,000 கிலோ யானை ஏறக்குறைய 66 மடங்கு எடை. வடிவம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் பரப்பு 16 மடங்குதான். அதோடு ஆளுக்கு மார்பளவு வரும் தண்ணீர் யானைக்கு வயிற்றைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். ஆளை அடித்துப் போகும் ஆற்றில் யானை அசையாமல் நிற்கும். ஆழமானால் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நீந்தும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. அலெக்சாண்டர் இறந்த பிறகு அவருடைய தளபதி பெர்டிக்காஸ் கி.மு. 321 வாக்கில் எகிப்தில் நைல் நதியைக் கடக்கப் பார்த்தான். நீரோட்டத்தின் மேல்பக்கம் யானைகளை வரிசையாக நிறுத்தி வேகத்தை உடைத்தான். கீழ்ப்பக்கம் குதிரை வீரர்கள், அடித்துப் போகிறவர்களைப் பிடிக்க. முதலில் போனவர்கள் கரையேறினார்கள். பிறகு அத்தனை கால்களும் கிளறியதில் ஆற்று மணல் கரைந்தோடி, துறை ஆழமாகிவிட்டது. பின்னால் வந்தவர்களில் இரண்டாயிரத்துக்கு மேல் மாண்டார்கள், பெர்டிக்காஸையும் அவனுடைய ஆட்களே கொன்றுவிட்டார்கள். சோழப் புலவர் சொன்ன ‘பாலம்’ இப்படி நீரோட்டத்தை மறித்த யானை வரிசையாகவே இருக்கும் என்பது என் எண்ணம். நம்மவர்கள் கடந்தார்கள். கங்கை நீரும் வந்தது.

அதே தூண்கால் சோழர்களுக்குப் பெருநஷ்டமும் தந்தது, அதுவும் நம்மூருக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில். 949ல் தக்கோலத்தில் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில், பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே அம்பு பட்டு இறந்தான். ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று பெயரே நிலைத்துவிட்டது. குதிரைமேல் இருந்தவன் சட்டென்று விலகலாம், வளைந்து திரும்பலாம். யானைமேல் இருப்பவன் எல்லார் கண்ணுக்கும் தெரிவான், அவனுடைய வாகனமோ துள்ளி ஒதுங்காது. அந்த ஒரு சாவோடு தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. அதை மீட்ட பிறகுதான் பழையனூரை நம் கோயிலுக்குக் கொடுக்கும் உரிமை சோழருக்குத் திரும்ப வந்தது.

இராசாதித்தனைக் கொன்றவன் கங்க அரசன் பூதுகன். இதைச் சொல்வது கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்த நடுகல். அந்தக் கல் நட்டது இளவரசனுக்காகவும் இல்லை, பூதுகனுக்காகவும் இல்லை. மணலேரன் என்ற வீரன் பூதுகனிடம் பரிசாகக் கேட்டு வாங்கிய வேட்டை நாய்க்காக. அது ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது. பன்றி நேராகப் பாயும், கழுத்து குறுகியதால் தலையைத் திருப்புவது கஷ்டம். நாய் இலேசானது, நின்ற இடத்திலேயே திரும்பும். ஆனாலும் இரண்டும் ஒன்றையொன்று கொன்று விழுந்தன. கல்லில் நாயும் பன்றியும் மல்லுக்கு நிற்பதைச் செதுக்கியிருக்கிறார்கள், பெங்களூர் மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம். நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: காளி.