ஊட்டி குளிரில் 'டேங்க் கிளீனர்' மீன் வளர்க்கலாமா? கவனிக்க வேண்டியது என்ன?

"வாங்கிட்டு வந்த நாள்ல இருந்து கண்ணுலயே படல, உயிரோட இருக்கான்னே தெரியல..." டேங்க் கிளீனர் என்று கடைகளில் விற்கப்படும் சக்கர் மீனை வாங்கியவர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார் இது. பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. கெளுத்தி வகையைச் சேர்ந்த இந்த மீன் கூச்ச சுபாவம் கொண்டது. பகலில் பதுங்கிக் கிடந்து, விளக்கை அணைத்த பிறகுதான் பாசி மேயக் கிளம்பும். ஆனால் நீலகிரியில் ராத்திரியிலும் அது அசையாமல் கிடந்தால், முதலில் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள்.

குளிர்தான் முதல் எதிரி

இதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் வெப்பமான ஆறுகள். தண்ணீர் 22 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் உறைபனிக் காலத்தில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும். குன்னூரில் குளிர் கொஞ்சம் குறைவு, ஆனாலும் ஹீட்டர் கட்டாயம். சமவெளியில் லிட்டருக்கு 1 வாட் என்ற கணக்கு போதும். ஊட்டி வீடுகளில் லிட்டருக்கு 2 வாட் வரை தேவைப்படலாம், அதாவது 100 லிட்டர் தொட்டிக்கு 200 வாட். கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரன்ட் போனால்? தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல், மேலே கம்பளி போட்டால் சூடு சட்டென்று இறங்காது. தண்ணீர் மாற்றும்போது குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், குளோரின் நீக்கி, சுடுதண்ணீர் கலந்து தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டு வந்து ஊற்ற வேண்டும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியை விடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. சூடாக்கிய தண்ணீரில் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். அதனால் ஏர் பம்ப் நிற்காமல் ஓடட்டும்.

பாசி மட்டும் போதுமா?

போதாது. பெயர்தான் கிளீனர், கழிவும் அதிகம் போடும். விளக்கணைத்த பிறகு லேசாக வேகவைத்த சுரைக்காய், வெள்ளரித் துண்டு போடலாம். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். ஒளிய தேங்காய்ச் சிரட்டை, மண்சட்டி, மரக்கட்டை வையுங்கள். கட்டையைச் சுரண்டித் தின்பதும் இதன் பழக்கம். எஸ்டேட்டில் பிடுங்கிப் போட்ட தேயிலை வேர் அழகாக இருக்கிறதே என்று எடுத்து வராதீர்கள், பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம். முள் சிக்கிக்கொள்ளும் என்பதால் வலையால் பிடிக்காமல் டப்பாவால் பிடிப்பது நல்லது. தங்கமீனுடன் சேர்த்து விட வேண்டாம், ராத்திரியில் அதன் உடம்பில் ஒட்டிச் சளிப்படலத்தை உறிஞ்சும்.

வளர்ந்துவிட்டால் ஏரியில் விடலாமா?

கூடவே கூடாது. கடையில் 2, 3 அங்குலக் குட்டியாகக் கிடைக்கும் சாதாரண சக்கர் மீன் ஒரு அடியைத் தாண்டி வளரும். இந்தியாவில் பல நீர்நிலைகளில் இது பரவியதற்கு, தொட்டியில் இருந்து வெளியே விடப்பட்டதும் ஒரு காரணம். கரையில் வளை தோண்டி முட்டையிடும். ஆக்சிஜன் குறைந்த அழுக்குத் தண்ணீரிலும் பிழைக்கும். 'ஊட்டி குளிர்ல எப்படியும் செத்துரும்' என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் குன்னூர் ஆறு மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில்தான் சேர்கிறது, அங்கே தண்ணீர் வெதுவெதுப்பு.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது 'பிரிஸ்டில்நோஸ்' வகை. 5 அங்குலத்துக்கு மேல் பெரிதாக வளராது. வளர்ந்த ஆணின் மூக்கில் மீசை மாதிரி கொம்புகள் இருக்கும். ஏற்கெனவே பெரிய சக்கர் மீன் வைத்திருப்பவர்கள், அதை வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.