நொண்டிக் குரங்கும் அதன் கூட்டமும்

திருவண்ணாமலை என்றதும் நம் நினைவுக்கு வருவன வானளாவிய கோபுரமும் கார்த்திகைத் தீபமுமே. அம்மலையின் வரலாற்றில் ஒரு குரங்குக் குட்டிக்கும் இடமுண்டு என்பதைப் பலர் அறியார்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், பதினாறு வயது இளைஞராய் அவ்வூரை அடைந்த ரமண மகரிஷி, 1899 முதல் 1916 வரை மலைச்சரிவிலுள்ள விரூபாட்ச குகையில் வாழ்ந்தார். அவருடைய தத்துவம் இங்கு நம் பேசுபொருளன்று. அக்குகையருகே நிகழ்ந்த ஒன்றையே கருதுகிறோம். ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அது மகரிஷியின் வாய்மொழியாகவே பதிவாகியுள்ளது.

குரங்குக் கூட்டத்தின் தலைவன் கடித்துக் குதறிய சிறு குரங்கொன்று குகையருகே கைவிடப்பட்டுக் கிடந்தது. நொண்டியபடி வந்து சேர்ந்ததால் ‘நொண்டி’ என்பதே அதன் பெயராயிற்று. மகரிஷி அதனைப் பேணினார். ஏறத்தாழ ஐந்து நாள் கழித்து அவ்வழியே வந்த கூட்டம், தன் பிள்ளை பராமரிக்கப்படுவதைக் கண்டு, அதனை மீண்டும் அழைத்துக்கொண்டது. பின்னரும் நொண்டி வந்து அவர் மடியில் அமர்ந்து உண்டதுண்டு. ஒருமுறை, சூடான பாலை ஆற்ற அவர் தம் வாயருகே கொண்டு சென்றபோது, தன் பங்கு பறிபோகிறது என்றெண்ணி அவரை அடித்ததும் உண்டு!

மனிதர் கைபட்ட குரங்கை அதன் இனம் பெரும்பாலும் விலக்கிவிடும் என்பர். நொண்டி மட்டும் ஏற்கப்பட்டது ஏன்? மருந்திட்ட கை அதனைக் கட்டிப்போடவில்லை, கூண்டில் அடைக்கவில்லை. பிரிவு சில நாளே நீடித்தது; சுற்றமும் அருகிலேயே திரிந்தது. இவையே காரணம் எனக் கருதலாம்.

நாள் கூடக்கூட மீட்சி அரிதாகும். கென்யாவில் 1956இல் தாயை இழந்த எல்சா என்னும் பெண்சிங்கக் குட்டியை ஜாய், ஜார்ஜ் ஆடம்சன் தம்பதியர் வளர்த்தனர். வீட்டில் வளர்ந்த அதற்கு வேட்டையாடிப் பிழைக்கும் வழியைப் பழக்க அவர்கள் பெரும்பாடுபட நேர்ந்தது. இறுதியில் எல்சா காட்டில் வாழ்ந்து மூன்று குட்டிகளையும் ஈன்றது. இலங்கையின் உடவளவையில் 1995இல் நிறுவப்பட்ட இல்லமோ இதனை முன்னரே உணர்ந்து செயற்படுகிறது. அங்கே தாயற்ற யானைக்கன்றுகளுக்குப் பால் புகட்டுவர், கொஞ்சிப் பழக்கமாட்டார்கள். தக்க வயதடைந்ததும் கூட்டாகக் காட்டுக்கு அனுப்புவர்.

நம் இல்லங்களில் நிகழ்வது என்ன? தோட்டத்தில் தனித்துக் கிடக்கும் குட்டியை இரக்கத்தால் எடுத்து வருகிறோம். பிள்ளைகள் அதனை விளையாட்டுப் பொருளாக்குகின்றனர். தாய் இரைதேடிச் சென்றிருக்கக்கூடும் என்பதை எண்ணுவதில்லை. வளர்ந்து கடிக்கத் தொடங்கியதும் காட்டோரம் விட்டுவருகிறோம். இரைதேடவும் பகையஞ்சவும் அறியாத அவ்வுயிருக்கு அது விடுதலையா, மரண தண்டனையா? வனவிலங்குகளை உரிய இசைவின்றி வைத்திருப்பதை 1972ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. காயமுற்ற உயிரைக் கண்டால் வனத்துறைக்கு அறிவிப்பதே முறை.

இரக்கம் கொள்வது எளிது. இரக்கத்தால் கைக்கு வந்ததை உடைமையாக்காதிருப்பதே கடினம். மகரிஷி நொண்டிக்குத் தந்தவை மருந்தும் பாலும் மட்டுமல்ல. கூட்டம் வந்து அழைத்தபோது தடுக்காது விட்டதும் அவர் செய்த உதவியே.