கொள்ளைநோய்ச் சட்டமும் சொற்பொருளின் எல்லையும்

கொள்ளைநோய்க் காலத்தில் தனிமனித உரிமைக்கும் பொதுநலத்திற்கும் இடையிலான எல்லையைச் சட்டமே வகுக்கிறது என்பர். அவ்வெல்லை சட்டச் சொற்களின் பொருள்வரையறையைச் சார்ந்தது என்பதை 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தின் வழி விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. 1897 பிப்ரவரி 4ஆம் நாள் இச்சட்டம் இயற்றப்பட்டது. அப்போது இது நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டமாக இருந்தது. நடப்பிலுள்ள சட்டங்கள் போதா எனக் கருதின், அரசு தற்காலிக விதிகளை வகுக்கலாம். நோயுற்றவரென ஆய்வலுவலர் ஐயுறும் பயணியை மருத்துவமனையிலோ பிறவிடத்திலோ தனித்து வைக்கலாம்.

இதில் மூன்று சொற்கள் கருதத்தக்கன. முதலாவது, 'ஆபத்தான கொள்ளைநோய்'. இதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. இரண்டாவது, 'ஐயம்'. அது அலுவலரின் ஐயம்; அதற்குரிய ஆதாரம் யாதெனச் சுட்டப்படவில்லை. மூன்றாவது, 'நல்லெண்ணம்'. நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதற்கு எதிராக வழக்குத் தொடர இயலாது. ஆனால் உரிய கவனமின்றிச் செய்தது நல்லெண்ணம் ஆகாது என்றது 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம். கவனக்குறைவு இருப்பினும் நேர்மை இருந்தால் போதும் என்றது 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டம். ஒரே தொடர் இருவேறு பொருள் பெற்றது.

இவ்வரையறையின்மையின் விளைவைப் பூனா கண்டது. டபிள்யூ. சி. ராண்ட் தலைமையிலான பிளேக் குழுவின் கீழ்ப் படைவீரர்கள் வீடுகளுட் புகுந்து சோதனையிட்டனர். நோயாளிகள் மருத்துவமனைக்கும், உடனிருந்தோர் முகாம்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அஞ்சிய மக்கள் நோயாளிகளை மறைத்தனர். காக்க வந்த நடவடிக்கையே நோய் மறைவதற்கு ஏதுவாயிற்று. ஜூன் 22ஆம் நாள் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர்; ஜூலை 3ஆம் நாள் அவர் இறந்தார். தடுப்பு நடவடிக்கையே வேண்டா என்பது பூனாவின் பொதுக்கருத்தன்று. திலகரே நோயாளிகளுக்கென மருத்துவமனை ஒன்றை அமைத்தவர்.

அதே ஆண்டில் 'கேசரி' எழுத்துகளுக்காகத் திலகர் அரசநிந்தனைக் குற்றஞ்சாட்டப்பட்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். மராத்தி மூலம் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே வழக்காராயப்பட்டது. அரசின்மீது பற்றின்மையே குற்றம் எனும் அளவிற்கு நீதிபதி ஸ்டிராச்சி அச்சொல்லின் பொருளை விரித்தார். 1898இல் சட்டம் திருத்தப்பட்டபோது, துரோக உணர்வும் பகைமையும் அதனுள் அடங்கும் என விளக்கம் சேர்க்கப்பட்டது. சொற்பொருளே ஒருவரது சிறைவாசத்தைத் தீர்மானித்தது எனலாம்.

2020இல் இச்சட்டம் மீண்டும் கையாளப்பட்டது. அவ்வாண்டே திருத்தவும் பட்டது. மருத்துவப் பணியாளர்மீதான வன்முறை என்பது வரையறுக்கப்பட்டது. 'ஆபத்தான கொள்ளைநோய்' முன்போலவே விடப்பட்டது. அக்காலத்தே தமிழில் வழங்கிய 'சமூக விலகல்' என்னும் தொடர், சாதி விலக்கை நினைவூட்டியமையால் மறுக்கப்பட்டு, 'சமூக இடைவெளி' பரவலாயிற்று.

அறிவிப்புகளை மொழிபெயர்ப்போர் இதனின்று பெறத்தக்க படிப்பினை ஒன்றுண்டு. 'தனிமைப்படுத்தப்படுவர்' எனும் செயப்பாட்டு வினை எழுவாயை மறைக்கிறது. யார் ஐயுறுகிறார், எதன் அடிப்படையில், எத்தனை நாள், யாரிடம் முறையிடலாம் என்பன மூலத்தில் இருப்பின் மொழிபெயர்ப்பிலும் வெளிப்படல் வேண்டும். மூலத்தில் இல்லையேல் அக்குறையை இனிய சொல்லால் மூடலாகாது. கட்டுப்பாட்டின் காரணத்தையும் எல்லையையும் தம் மொழியில் அறிந்த மக்களே அதற்கு மனமுவந்து இசைவர்.