மூடிய கால்பங்கு

நெய்தல் திணையைக் கற்பிக்குந்தோறும் அதன் உரிப்பொருள் இரங்கல் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். தலைவி காத்திருப்பாள், கடல்வளம் மட்டும் குன்றாது என்றே எண்ணியிருந்தோம். கடலில் மீன் அருகும் என்பதையும், காத்திருந்தால் மீளும் என்பதையும் பிலிப்பைன்ஸ் நாட்டின் இரு சிறு தீவுகளின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

செபு மாகாணத்து ஓஸ்லோப் ஊரை அடுத்துள்ளது சுமிலோன். 1974இல், சில்லிமான் பல்கலைக்கழக உயிரியலாளர் ஆங்கெல் அல்கலாவின் முயற்சியால், அத்தீவைச் சூழ்ந்த பவளத்திட்டில் கால்பங்கு மீன்பிடிப்புக்கு மூடப்பட்டது. எஞ்சிய முக்கால் பங்கில் மீனவர் வழக்கம்போல் தொழில் செய்தனர். 1984இல் உள்ளூர் ஆட்சியில் நேர்ந்த மாற்றத்தால் காவல் தளர்ந்தது. வெடியும், பவளத்தை இடித்து மீனை வெருட்டும் மூரோ அமி வலையும் உள்ளே நுழைந்தன.

திட்டு முழுவதும் கைக்கு வந்தபின் மீன்பாடு பெருகியிருக்க வேண்டுமல்லவா? இரண்டே ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிற்று. முக்கால் பங்கு தந்ததை முழுப்பங்கு தரவில்லை. மூடிய பகுதியில் பெருகிய மீன்கள் எல்லை கடந்து வந்து மீனவர் வலைகளை நிரப்பியிருந்தன என்பது, அவை அழிந்த பிறகே விளங்கியது.

நெக்ரோஸ் தீவை அடுத்த ஆப்போவின் கதை வேறு. அங்கே 1982இல் தீவின் குடிகளே முன்வந்து, தம் திட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை மூடி, தாமே காவலும் இருந்தனர். களவா, பாறை, விளமீன் போன்ற இரைகொல்லி மீன்கள் அங்கே 18 ஆண்டுகள் கடந்தும் பெருகிக்கொண்டே இருந்தன. பெருமீன்கள் மெல்ல வளர்பவை. முதிர்ந்த பெண்மீன் இளமீனைவிடப் பன்மடங்கு முட்டையிடும். ஆகவே மீட்சியின் பெரும்பயன் பிந்தியே வருகிறது. காவலால் எல்லாம் கைகூடும் என்றும் நாம் கருதலாகாது. 2011, 2012 ஆண்டுகளின் சூறாவளிகள் ஆப்போவின் காப்பிடத்துப் பவளத்தைப் பெரிதும் சிதைத்தன.

மூடும் நாளில் மீனவன் இழப்பது கண்முன்னே தெரிகிறது. பெறுவதோ அவன் மக்கள் காலத்தில்தான் முழுமையடைகிறது. இடையிலுள்ள ஆண்டுகளில் அவன் அடுப்பு எரிய வேண்டும். ஆப்போவில் அந்தப் பொறுமை குடிகளுடையதாக இருந்தது, அதனாலேயே நிலைத்தது. கடற்காப்பைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் விடைகாண வேண்டியது, அந்த இடைக்காலத்தை யார் தாங்குவது என்னும் கேள்விக்கே என்று நாம் கருதுகிறோம்.