ஒற்றை பீப்: எழாத கணினியும் 1999 ஏப்ரலும்

போன வாரம் ஒரு காலையில் என் மேசைக் கணினி எழவில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, உள்ளே ஃபேன் சுத்துகிறது, திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. 'நோ சிக்னல்' என்று காட்டிவிட்டு மானிட்டரும் தூங்கப் போய்விட்டது. ஏழு வருஷமாக ஊர் ஊராகப் போய் எடுத்த நடுகல் படங்கள், கல்வெட்டுக் குறிப்புகள், இங்கே போடுவதற்காக எழுதிப் பாதியில் நிற்கும் கட்டுரைகள் எல்லாம் அதற்குள்தான். கடைசியாக நகல் எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"என்னங்க, செத்துப்போச்சா?" என்று வீட்டில் கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். உண்மையில் எனக்கே தெரியவில்லை.

கரண்ட் வருகிறது, ஆனால் எழவில்லை. இதே காட்சியை 1999 ஏப்ரலிலும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அதற்கு முன்னால், கணினி 'எழுவது' என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அது புரியாமல்தான் அன்றைக்குத் தப்பு செய்தோம்.

தன் தோளில் தானே ஏறுவது

கணினிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நினைவகத்தில் இருக்கும் கட்டளையைப் படித்து அதன்படி நடப்பது. ஆனால் சுவிட்சைப் போட்ட நொடியில் நினைவகம் காலி. அப்படியென்றால் முதல் கட்டளையை அதற்குள் கொண்டுவருவது யார்? கொண்டுவருவதற்கும் ஒரு கட்டளை வேண்டுமே! 'பூட்' என்ற சொல்லே இந்தச் சிக்கலில் இருந்து வந்ததுதான். பூட்ஸை மாட்டும்போது இழுக்க உதவும் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு. நம் ஊரில் சொன்னால், தன் தோளில் தானே ஏறுவது.

1952-ல் ஐபிஎம் அறிவித்த 701 கணினியில் 'லோட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளையட்டையில் இருந்தோ நாடாவில் இருந்தோ முதல் சொல்லை மட்டும் படிக்கும். அந்தச் சொல்லில் இருக்கும் கட்டளை அடுத்ததைப் படிக்கச் சொல்லும். இப்படிச் சங்கிலியாகப் போய் முழு நிரலும் உள்ளே வந்துவிடும்.

1975-ல் வந்த ஆல்டேர் 8800-ல் அந்த வசதிகூட கிடையாது. முன்பக்கம் வரிசையாக இருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, ஒவ்வொரு பைட்டாகக் கையால் ஏற்ற வேண்டும். பால் ஆலன் தாங்கள் எழுதிய பேசிக் மொழியைக் காட்ட அல்புகர்க்கிக்கு விமானத்தில் போகும்போதுதான் அதை ஏற்றும் சின்ன நிரலை எழுத மறந்தது ஞாபகம் வந்து, விமானத்திலேயே உட்கார்ந்து எழுதினார். அதில் ஒரு பைட் தப்பியிருந்தால்? விளக்குகள் எரியும், கணினி எழாது. நம்ம பிரச்சினையேதான்!

1981 ஆகஸ்ட் 12-ல் ஐபிஎம் பிசி வந்தபோது இந்த வேலை ஒரு சில்லுக்குள் போய்விட்டது. அதில் நிரந்தரமாக எழுதப்பட்டிருந்த 8 கிலோபைட் நிரல்தான் பயாஸ். (இந்தப் பெயர் அதற்கு முன்பே கேரி கில்டாலின் சிபி/எம் இயங்குதளத்தில் இருந்தது.) கரண்ட் வந்ததும் 8088 பிராசசர் வேறெதையும் தேடாது. ஒரு மெகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் முன்னால் இருக்கும் முகவரிக்குப் போய் அங்கிருப்பதைப் படிக்கும். அங்கிருந்து பயாஸ் தொடங்கி எல்லாவற்றையும் ஒரு சுற்று சோதித்துப் பார்க்கும். இந்தச் சோதனைக்குத்தான் 'போஸ்ட்' என்று பெயர். எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு குட்டி பீப்.

எதற்கு பீப்? பழுதானது திரையாகவே இருந்தால், பழுது என்று திரையில் எழுதிக் காட்ட முடியாதே. அப்போது கணினிக்கு மிச்சமிருக்கும் ஒரே வாய் அந்த ஸ்பீக்கர்தான். ஐபிஎம் கணக்கில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் திரை சார்ந்த கோளாறு. ஒரு நீளம், ஒரு குட்டை என்றால் மதர்போர்டு. பிறகு காம்பேக், ஃபீனிக்ஸ் என்று ஆளாளுக்கு நகல் பயாஸ் செய்யத் தொடங்கியதும், அமி ஒரு மாதிரி, அவார்டு ஒரு மாதிரி, ஃபீனிக்ஸ் ஒரு மாதிரி என்று பீப்புகளின் அர்த்தமும் ஆளுக்கொன்றாகிவிட்டது. கம்பெனி தெரியாமல் பீப்பை எண்ணினால் பிரயோசனமில்லை.

1984-ல் வந்த ஐபிஎம் ஏடி முதல் இன்னொரு வழியும் வந்தது. ஒவ்வொரு சோதனையைத் தொடங்கும்போதும் பயாஸ் ஓர் எண்ணை வெளியே அனுப்பும். அதைப் பிடித்து இரண்டு இலக்கமாகக் காட்டும் சின்ன அட்டை உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'டீபக் கார்டு' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எந்த எண்ணில் நின்றதோ அந்த இடத்தில் கோளாறு.

ஏப்ரல் 26, திங்கட்கிழமை

ஆரம்பத்தில் பயாஸ் சில்லில் உள்ளதை மென்பொருளால் மாற்ற முடியாது. பிறகு வந்த ஈப்ராம் சில்லை அழிக்கப் புற ஊதாக் கதிர் வேண்டும். 1990-களில் ஃபிளாஷ் வந்தது. போர்டைக் கழற்றாமல், ஒரு ஃபிளாப்பியைப் போட்டே பயாஸைப் புதுப்பிக்கலாம் என்றார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் கதவைத் திறந்து வைத்தால் யாரும் வரலாம்.

தைவானில் தாதுங் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சென் இங்-ஹாவ் எழுதிய வைரஸ் 1998-ல் வெளியே வந்தது. அவர் பெயரின் முதலெழுத்துகளை வைத்தே சிஐஹெச் என்றார்கள். அளவு ஏறக்குறைய ஒரு கிலோபைட்தான். விண்டோஸ் 95, 98 நிரல் கோப்புகளுக்குள் காலியாகக் கிடக்கும் இடுக்குகளில் துண்டு துண்டாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கோப்பின் அளவு கூடாது, சந்தேகமும் வராது. பரவலான வகை ஏப்ரல் 26 வரை சும்மா இருக்கும். அந்தத் தேதி செர்னோபில் விபத்து நடந்த நாள் என்பதால் பத்திரிகைகள் செர்னோபில் வைரஸ் என்றே எழுதின.

அந்த நாளில் அது இரண்டு வேலை செய்யும். வன்தட்டின் முதல் ஒரு மெகாபைட்டைப் பூஜ்யங்களால் நிரப்பும். பிறகு பயாஸ் சில்லில் குப்பையை எழுதப் பார்க்கும். இன்டெல் 430 டிஎக்ஸ் சிப்செட் போர்டுகளில் இந்த இரண்டாவது வேலை பலித்தது. பயாஸ் போனால் போஸ்ட் இல்லை, பீப் இல்லை. ஃபேன் மட்டும் சுத்தும். தென் கொரியாவில் லட்சக்கணக்கான கணினிகள் விழுந்தன. இந்தியாவும் தப்பவில்லை.

அப்போது நான் தென்காசிப் பக்கம் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தன் ஊர்ப் பகுதிக் குளங்களின் வரலாற்றை எழுதிக் கொண்டுவந்து தட்டச்சுக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு குளத்துக்கும் மடை, மடைக்குப் பெயர், பெயருக்குப் பின்னால் ஒரு கதை. இருநூறு பக்கத்துக்கு மேல். "அடிச்சு முடிச்சாச்சுல்ல தம்பி, இந்தத் தாள்லாம் எதுக்கு?" என்று கையெழுத்துப் பிரதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார். திருத்தம் பார்க்க அச்செடுத்த முதல் அறுபது பக்கம் மட்டும் அவர் வீட்டில் இருந்தது.

அன்று காலை விண்டோஸ் வந்தது. பேஜ்மேக்கரைத் திறந்தேன். உறைந்துவிட்டது. ரீசெட் அழுத்தினேன். அதற்குப் பிறகு திரையே வரவில்லை.

சர்வீஸ்காரர் வந்து எஸ்எம்பிஎஸ் மாற்றினார், ராம் மாற்றினார், டிஸ்ப்ளே கார்டு மாற்றினார். கடைசியில் மதர்போர்டு போச்சு என்றார். புது போர்டு போட்டதும் எழுந்தது, ஆனால் வன்தட்டில் பார்ட்டிஷனே இல்லை. "டிஸ்க்கும் அவுட் தம்பி, ஃபார்மேட் போட்டுரலாமா?" முதலாளி வெளியூரில் இருந்தார். நான்தான் "சரி, போடுங்க அண்ணே" என்றேன்.

மறுநாள் செய்தித்தாளில் வைரஸ் என்று போட்டிருந்தார்கள். சில நாள் கழித்து இன்னொரு செய்தி தெரிந்தது. ஃபேட்32 வட்டுகளில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணைக்கு இரண்டு பிரதிகள் உண்டு. வட்டு கொஞ்சம் பெரியதாக இருந்தால் வைரஸ் அழித்த முதல் ஒரு மெகாபைட்டுக்குள் இரண்டாவது பிரதி வராது. அதை வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். மீட்கும் நிரல்களும் இலவசமாக வந்துவிட்டன. எங்கள் வட்டு 4.3 ஜிபி, ஃபேட்32. வைரஸ் விட்டுவைத்ததை ஃபார்மேட் போட்டு அழித்தது நாங்கள்.

வைரஸ் எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். மதுரையில் நடைபாதையில் வாங்கிய ஒரு கேம்ஸ் சிடி. ராத்திரி வேலை முடிந்ததும் போட்டு விளையாடியது நான். பிறகு வீட்டில் அந்த சிடியைச் சோதித்தபோது சிஐஹெச் என்று காட்டியது.

ஐயா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மிச்சத்தைத் திரும்ப எழுத ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இரண்டாவது பிரதி நூற்றிருபது பக்கம் வந்தது. மடைக் கதைகளில் பாதியைச் சொன்ன நீர்க்கட்டி அதற்குள் இறந்துபோயிருந்தார். அவரிடம் கேட்டு எழுதியதைத் திரும்பக் கேட்க ஆள் இல்லை. சிடி விஷயத்தை ஐயாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை.

இந்த முறை

அதனால் போன வாரம் நான் முதலில் செய்தது, வட்டைக் கழற்றியது. நண்பரின் கணினியில் மாட்டிப் பார்த்தேன். எல்லாப் படங்களும் இருந்தன. அங்கேயே நகல் எடுத்துவிட்டுத்தான் பழுது பார்க்க உட்கார்ந்தேன்.

இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் வருவதில்லை. சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கி அதற்கான பின்னில் மாட்டினேன். ராம் இரண்டையும் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டேன். விட்டு விட்டு பீப் கத்தியது. எனக்கு அது மங்கள வாத்தியம் மாதிரி கேட்டது. ராம் இல்லை என்று கத்துவதற்கு பிராசசரும் பயாஸும் உயிரோடு இருக்க வேண்டும். ஆக, கோளாறு ராமிலோ அதன் ஸ்லாட்டிலோதான். ராமின் தங்க நிற விளிம்புகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, ஒன்றை மட்டும் போட்டேன். எழுந்தது. இன்னொன்று முதல் ஸ்லாட்டில் எழுந்தது, பழைய ஸ்லாட்டில் எழவில்லை. அந்த ஸ்லாட்டில் தூசி.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கணினி எழவில்லை என்பது ஒரு பிரச்சினை, உள்ளே இருப்பது போய்விட்டது என்பது வேறு பிரச்சினை. முதலாவது வந்தாலே இரண்டாவதும் வந்துவிட்டதாகப் பயந்து யாராவது ஃபார்மேட் என்றால், "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லுங்கள். வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

ஐயாவின் நூற்றிருபது பக்கப் புத்தகத்தின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அடுத்த சில பதிவுகளில் அந்தக் குளங்களுக்குப் போய்ப் பார்த்து, எந்த மடைகளின் பெயர் இன்னும் யாருக்காவது ஞாபகம் இருக்கிறது என்று எழுதலாம் என்றிருக்கிறேன்.