யானைத்தீ

யானைத்தீ: எவ்வளவு தின்றாலும் அடங்காத பசிநோய். மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்னும் பெண்ணைப் பிடித்தது இதுதான். விருச்சிக முனிவருக்குரிய நாவற்கனியைக் காலால் சிதைத்ததற்குச் சாபம், 12 ஆண்டுப் பசி.

கிரேக்கர் யானைக்குப் பதில் மாட்டைச் சொன்னார்கள். 'பூஸ்' மாடு, 'லிமோஸ்' பசி, அதிலிருந்து புலிமியா. லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் 1979இல் இந்தச் சொல்லுக்கு இன்றைய மருத்துவப் பொருளைத் தந்தார். ஆனால் யானைத்தீயும் புலிமியாவும் ஒன்றல்ல. காயசண்டிகை எடைக்கு அஞ்சியவள் இல்லை, தின்றதை வாந்தியெடுத்தவளும் இல்லை.

ஏற்காடு போல விடுதிப் பள்ளிகள் உள்ள மலையூரில் புலிமியா எளிதில் மறைந்துகொள்ளும். மெஸ்ஸில் அரை இட்லியோடு எழுந்துவிடும் பிள்ளை, ராத்திரி பெட்டியிலிருக்கும் பிஸ்கட் பாக்கெட்டுகளை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, வாந்தியெடுக்கும் சத்தம் கேட்காதிருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிடும். எடை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதனால் வார்டனுக்கும் தெரியாது, மாதமொருமுறை வரும் அம்மாவுக்கும் தெரியாது. இந்தப் பிள்ளையைத் திட்டவே கூடாது. வெட்கம்தான் அதை மறுபடி அந்தக் குழாயடிக்கு அனுப்புகிறது.

பட்டினிதான் புலிமியா என்ற தீக்கு விறகு. அதனால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை ஒட்டிய சுயஉதவி, சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வதில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் சிற்றுண்டி, நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது. சாப்பிட்ட கையோடு நோட்டில் எழுத வேண்டும்: என்ன சாப்பிட்டேன், எங்கே, அப்போது மனதில் என்ன ஓடியது. சில வாரங்களில், எந்த நினைப்புக்குப் பின்னால் தின்னும் வெறி வருகிறதென்று எழுதியவருக்கே தெரிய ஆரம்பிக்கும். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் 1995இல் வெளியிட்ட சுயஉதவி நூலின் வழியும் இதுவே.

அடிக்கடி வாந்தியெடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு குலையும். படபடப்போ மயக்கமோ வந்தால் நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மனம்விட்டுப் பேச, டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416.