இசைவாது முதல் மாவட்ட மேடை வரை: இளம் இசைக்கலைஞர் போட்டிகளின் வரலாறு

இளம் பாடகர்களும் வயலின், பியானோ பயில்வோரும் நடுவர்கள் முன் தேர்ச்சியைக் காட்டிப் பரிசு பெறும் போட்டிமுறை தமிழ்நாட்டில் நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பும் இசையில் போட்டி இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் தேர்ந்த வித்துவான்கள் மன்னன் முன்னிலையில் ஒருவரையொருவர் வெல்ல முயலும் வாது. கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கென்று தனி மேடை அமைந்தது பின்னர்தான். அந்த மேடை அமைந்த பிறகு இசை கற்பிக்கும் முறையே மாறியது.

இளங்கலைஞரை அவையில் மதிப்பிடும் வழக்கத்தின் பழைய சித்திரம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் கிடைக்கிறது. ஐந்து வயதில் பயிற்சி தொடங்கிய மாதவி, ஏழாண்டு ஆடலும் பாடலும் கற்றுப் பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேறுகிறாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், யாழாசிரியன், குழலோன், தண்ணுமை முழக்குவோன் ஆகியோரின் தகுதிகளையும் அந்தக் காதை தனித்தனியே விரிக்கிறது. அங்கே மாணவியோடு சேர்த்து அவளைப் பயிற்றுவித்தவர்களும் எடைபோடப்படுகிறார்கள்.

நேருக்கு நேர் மோதும் போட்டிக்கு இலக்கியத்தில் எடுத்துக்காட்டு திருவிளையாடற்புராணம். பரஞ்சோதி முனிவர் அதில் ‘இசைவாது வென்ற படலம்’ என்றே ஒரு படலம் அமைத்திருக்கிறார். ஈழத்துப் பாடினி ஒருத்திக்கும் இசைவாணர் பாணபத்திரரின் மனைவிக்கும் பாண்டியன் அவையில் நடந்த பாட்டுப்போட்டியே அதன் பொருள். தோற்றவர் வென்றவருக்கு அடிமை என்ற நிபந்தனையும் அதில் உண்டு. இது புராணக் கதைதான் என்றாலும், இசைவாது என்றால் அக்காலத்தவர் மனத்தில் என்ன இருந்தது என்பதற்குச் சான்று.

அவைகளுக்கு வெளியே, கோயில்களில் இசை வேறு வழியில் வளர்ந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டம் இதற்கு நல்ல உதாரணம். வானூர் வட்டத்திலுள்ள இரும்பையின் மாகாளேசுவரர் கோயில், தொண்டை நாட்டின் 32 பாடல்பெற்ற தலங்களில் ஒன்று. இளம் வயதிலேயே பாடத் தொடங்கிய திருஞானசம்பந்தர் இத்தலத்துக்குப் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில், செவ்வழிப் பண்ணில் அமைந்திருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் பார்வையற்ற பதினாறு பேர் திருப்பதியம் பாடவும், அவர்களை வழிநடத்தக் ‘கண்காட்டுவார்’ இருவர் உடனிருக்கவும் நிவந்தம் அளிக்கப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. இங்கே வெற்றி தோல்விக்கு இடமில்லை. நாள்தோறும் பாடுவதே பணி, அதற்கு உணவும் நெல்லும் ஊதியம். ஓதுவார் மரபு பல நூற்றாண்டுகள் அறுபடாமல் நின்றதற்கு இந்த ஏற்பாடே அடித்தளம்.

தஞ்சை மராத்தியர் காலத்தில் அவைப் போட்டி உச்சத்துக்குப் போனது. ஊர் ஊராகச் சென்று வித்துவான்களை வென்று வந்த பொப்பிலி கேசவய்யாவைச் சியாமா சாஸ்திரிகள் (1762–1827) எதிர்கொண்டு வென்றார் என்ற செய்தி இசையுலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மடங்களும் இத்தகைய அரங்குகளாயின. மகா வைத்தியநாத சிவன் (1844–1893) பன்னிரண்டு வயதுச் சிறுவனாகக் கல்லிடைக்குறிச்சியில், திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில், மூத்த வித்துவான்களோடு பாடி ‘மகா’ என்ற பட்டம் பெற்றார். சிறுவன் பாடிய அவையானாலும், அவனை அளந்த கோல் பெரியவர்களுக்கு உரியதே.

இதே காலத்தில் ஐரோப்பிய வயலின் தமிழ் இசையில் கலந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் அதைக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைக் கச்சேரிக்கு ஏற்றபடி பழக்கினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்கு 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கும் முறை நிலைத்தது. இன்று கர்நாடக இசைப் போட்டிகளில் வாய்ப்பாட்டுக்கு அடுத்துப் பெரிய பிரிவு வயலின் என்றால் அதற்கு வித்து இங்கே விழுந்தது.

மன்னர்களின் ஆதரவு குறைந்து, இசை அமைப்புகளான சபாக்கள் தோன்றியபோது போட்டியின் இயல்பு மாறியது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. 1932இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி தொடங்கியது. இத்தகைய சபாக்கள் கச்சேரிகளோடு மாணவர்களுக்கான போட்டிகளையும் நடத்தலாயின. சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ போன்ற நூல்களில் ஸ்வரக் குறிப்போடு பாடல்கள் அச்சேறிவந்தன. பொதுவான பாடம் கைக்கு வந்ததும், வெவ்வேறு குருமாரிடம் கற்ற பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி ஒப்பிடுவது எளிதாயிற்று.

சபாப் போட்டியின் அறை சிறியது, ஒழுங்கு கறாரானது. மாணவர் தமக்குப் பாடமான கிருதிகளின் பட்டியலை முன்கூட்டியே தருவார். சுருதி சேர்ந்ததும் முதலில் வர்ணம், பெரும்பாலும் இரண்டு காலங்களில். பிறகு பட்டியலிலிருந்து நடுவர் ஒரு பாட்டைக் கேட்பார். பாதியில் நிறுத்தி வேறொன்றைத் தொடங்கச் சொல்வதும் உண்டு. மேல்நிலைப் பிரிவென்றால் ராக ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம். சுருதி, லயம், பாடாந்தரம், சாகித்திய சுத்தம், மனோதர்மம் ஆகியவற்றைக் கொண்டு நடுவர்கள் தீர்ப்பார்கள். பத்து நிமிடத்தில் ஆண்டுக்கணக்கான சாதகம் வெளிப்பட்டுவிடும்.

இம்முறையால் விளைந்த நன்மைகள் பெரியவை. வாக்கேயக்காரர் ஒவ்வொருவர் பெயரிலும் தனிப் பிரிவுகள் ஏற்பட்டதால், கச்சேரிகளில் அதிகம் ஒலிக்காத கிருதிகளையும் பதங்களையும் மாணவர்கள் தேடிக் கற்றார்கள். மேடைக்கு வர முடியாத குடும்பச் சூழலில் வளர்ந்த பெண்களுக்குப் போட்டி ஒரு வாசலானது. 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி. கே. பட்டம்மாள் சிறுமியாக இருந்தபோதே அங்கு நடந்த இசைப் போட்டியில் பரிசு பெற்றவர். பின்னாளில் ராகம் தானம் பல்லவியில் ஆண்களுக்கு இணையாக நின்று ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் பெற்றார். அகில இந்திய வானொலி 16 முதல் 24 வயது வரையுள்ளோருக்கு நடத்திய போட்டிகள், சபாக்கள் இல்லாத ஊர்களின் பிள்ளைகளையும் நாடறியச் செய்தன.

மேற்கத்திய இசைக்குத் தமிழ்நாட்டில் போட்டியின் இடத்தை நிரப்பியது தேர்வுமுறை. 1872இல் லண்டனில் தொடங்கிய டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகள் நூற்றாண்டுக்கும் மேலாகச் சென்னையில் நடக்கின்றன. 1842இல் தொடங்கிய முஸே மியூசிக்கல் என்ற சென்னை நிறுவனம் அத்தேர்வுகளின் முக்கிய மையம். தொடக்கநிலைக்கு மேல் எட்டுப் படிகள் உண்டு. பியானோ மாணவர் குறித்த உருப்படிகளை வாசிக்க வேண்டும். ஸ்வர வரிசைப் பயிற்சி, முன்பின் பாராத குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பது, காதால் கேட்டு அடையாளம் காண்பது போன்றவற்றிலும் சோதனை உண்டு. நூற்றுக்கு 60 பெற்றால் தேர்ச்சி, 87 பெற்றால் உயர்சிறப்பு. இளையராஜா செவ்வியல் கிதாரில் தங்கப் பதக்கம் பெற்றது டிரினிட்டி தேர்வில்தான். 2008இல் ஏ. ஆர். ரகுமான் தொடங்கிய கே. எம். இசைக் கல்லூரி பியானோ, வயலின், குரல் பயிற்சிக்கு உள்ளூரிலேயே உயர்கல்வி தந்தது. சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்து முதலிடம் பெற்றது உலகம் பார்த்த நிகழ்ச்சி.

போட்டியில் என்ன பாட வேண்டும் என்ற கேள்வியைத் தமிழிசை இயக்கம் கூர்மையாக்கியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய இயக்கம் 1943இல் தமிழ் இசைச் சங்கமாக உருப்பெற்றது. தமிழ்ப் பாடல்களும் திருமுறைப் பண்களும் கச்சேரியின் கடைசித் துக்கடாவாக ஒதுங்கிவிடாமல், பாடத்திட்டத்திலும் போட்டியிலும் தமக்குரிய இடத்தைப் பெற்றதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பரிசுக்குரியதாக எது வைக்கப்படுகிறதோ அதையே பிள்ளைகள் கற்கிறார்கள். எனவே தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற அந்த இயக்கத்தின் வாதம் நியாயமானது, அவசியமானதும்கூட.

சென்னையில் குவிந்திருந்த வாய்ப்பை மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது அரசு. 1991இல் தனித் துறையாக அமைந்த கலை பண்பாட்டுத் துறையின்கீழ் விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இயங்குகிறது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை இத்தகைய பள்ளிகளின் பாடங்கள். குரலிசை, கருவியிசைப் பிரிவுகள் கொண்ட மாவட்ட இளைஞர் கலைப் போட்டிகளில் 17 முதல் 35 வயது வரையுள்ளோர் கலந்துகொள்ளலாம். வர்ணங்களும் தமிழ்ப் பாடல்களும் இசைக்கும் தரம் இருக்க வேண்டும் என்பது விதி. மாவட்டத்தில் வென்றவர் மாநிலப் போட்டிக்குப் போகிறார். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று இதே ஏணியைச் சிறுவர்களுக்கும் போட்டிருக்கிறது. இரும்பையிலோ திண்டிவனத்திலோ படிக்கும் பிள்ளை பாடத் தொடங்கிப் பரிசு பெறச் சென்னையில் குடியேற வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.